மாதேஷ் ஏன் குதித்தான்?

அத்தியாயம் ஆறு

"அண்ணா, கையை எடுக்காதீங்க! எடுத்தா போச்சு!"

கௌதமன் பின்னாலிருந்து கத்தி முடிப்பதற்குள் சின்னராஜ் கையை எடுத்துவிட்டிருந்தார்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டிய கை அது. எதிரில் ஆபத்து என்றால் முதலில் ரேஸைக் குறைப்பது, மற்றதை அப்புறம் யோசிப்பது என்று பழகிப்போன கை. மேட்டூர் அணைத் தேக்கத்தின் நட்டநடுவில், ஆவணி பிறந்து பதினைந்து நாளாகியும் அடங்காத மேல்காற்றில், இடுப்பளவு அலை ஒன்று புரண்டு வந்ததும் அந்தக் கை யாரையும் கேட்காமல் ரேஸ் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்துவிட்டது.

ஸ்டீயரிங்கை ஒடித்தார். படகு திரும்பவில்லை. இன்னும் ஒடித்தார். ஸ்டீயரிங் மட்டும் சுற்றியது. பதினாலடி ஃபைபர் படகு அலைக்கு விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது. அதன் விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு முழம்கூட இருக்காது. வாசற்படி தாண்டுகிற மாதிரி அலை சாவகாசமாகத் தாண்டி உள்ளே வந்து சின்னராஜின் மடியில் உட்கார்ந்தது. அது போதாதென்று, படகு தானே கிளப்பிவிட்டு வந்த அலையும் பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்து, பின்பக்கத்தில் ஏறிக் கொட்டியது.

கௌதமன் பாய்ந்து கைப்பிடியை முன்னுக்குத் தள்ளினான். இன்ஜின் உறுமியது. அப்போதுதான் ஸ்டீயரிங்குக்கு உயிர் வந்தது. படகு மூக்கை வளைத்து அடுத்த அலையைச் சாய்வாக ஏறி இறங்கியது.

"பாத்தீங்களாண்ணா? இதுக்கு அடியில காத்தாடியும் கிடையாது, சுக்கானும் கிடையாது. தண்ணிய அடிவவுத்துல உறிஞ்சி, பின்னால பீச்சி அடிக்கும். பீச்சற பக்கத்தைத் திருப்புனாத்தான் படகு திரும்பும். பீச்சறது நின்னு போச்சுன்னா..."

"ஸ்டீயரிங் வெறும் சோத்துத் தட்டு," என்றார் சின்னராஜ், வாயிலிருந்த காவிரியைத் துப்பிவிட்டு. "ஏப்பா, பிரேக்கு?"

"இல்லீங்க."

"ஹாரனாச்சும் இருக்குதா? போறப்ப நாலு பேருக்குச் சொல்லிட்டுப் போலாம்."

பின்சீட்டில் தலை முதல் கால் வரை நனைந்து உட்கார்ந்திருந்த அகல்யா சிரிக்கவில்லை. மூக்கு தூக்கி இருக்கோணும், எடை பின்னால இருக்கோணும் என்று சொல்லி கௌதமன்தான் அவளை அங்கே உட்கார வைத்திருந்தான்.

"கௌதமன், நீங்க ஓட்டுங்க. மாதேஷ் இந்தக் காத்துல எப்படி ஓட்டுவாரோ அப்படியே."

கௌதமன் மாறி உட்கார்ந்தான். அலையை நேருக்கு நேர் முட்டாமல், விலாவையும் காட்டாமல், மூலைவாட்டில் வைத்து ஏற்றினான். ஏறும்போது கொஞ்சம் கூடுதல் ரேஸ், இறங்கும்போது கொஞ்சம் குறைவு, ஆனால் கை மட்டும் கைப்பிடியை விட்டு அசையவே இல்லை. திரும்ப வேண்டிய இடத்தில் மூன்று அலைகளைப் பொறுத்திருந்து, அடுத்த அலை சிறுத்து வந்த நேரம் பார்த்து வெடுக்கென்று திருப்பினான். ஓர் இடத்தில் படகு தாவியது. அதன் அடிவயிறு காற்றில் தொங்கிய அந்த நேரத்தில் இன்ஜின் வீலென்று அலறி, தண்ணீரில் உட்கார்ந்ததும் அடங்கியது.

"அது என்ன சத்தம்?" என்றாள் அகல்யா.

"தண்ணிக்குப் பதிலா காத்தை உறிஞ்சிடுச்சுங்க. ஒன்னு, ரெண்டு எண்றதுக்குள்ள சரியாயிரும்."

"ரெண்டுக்கு மேலயும் அலறுனா?"

"அப்ப எதையோ முழுங்கிடுச்சுன்னு அர்த்தமுங்க."

அகல்யா தலையாட்டினாள். கரைக்குப் போகலாம் என்று கையைக் காட்டினாள். சின்னராஜ் மனதுக்குள் இருக்கிற சாமிக்கெல்லாம் ஒரு கும்பிடு போட்டார்.

சேலம் ஐந்து ரோட்டில், ஒரு மொபைல் கடைக்கு மேல்மாடியில், அகல்யா துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து லாரிகளைப் பார்த்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தவள். கண்பார்வை மங்கி லைசென்ஸ் போன சின்னராஜ் அவளுக்கு உதவியாளர், டிரைவர் (அந்த விஷயத்தை யாரும் பேசுவதில்லை), டீ வாங்கி வருகிறவர், எல்லாம். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நக்கல் அவருக்குக் கூடப்பிறந்தது.

போன வாரம் ராசிபுரத்திலிருந்து பிரவீனா என்ற பெண் வந்திருந்தாள். நெசவுக் குடும்பத்துப் பெண். முப்பதுகூட ஆகவில்லை. புருஷன் மாதேஷ் வடக்கே போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வேலை பார்த்துத் திரும்பி, கௌதமனோடு கூட்டுச் சேர்ந்து இரண்டு ஜெட் படகு வாங்கி, தேக்கத்தில் சுற்றிப்பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டிருந்தான். ஆடிப் பதினெட்டு அன்று நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் சபரிநாதன் என்பவரை ஏற்றிக்கொண்டு போனவன், நடுத்தேக்கத்தில் படகு நின்றுபோய், திரும்பி வரவில்லை. சபரிநாதனை வேறு படகுக்காரர்கள் மீட்டுக் கரை சேர்த்தார்கள். மாதேஷ் மூன்றாம் நாள்தான் கிடைத்தான்.

செத்தவனுக்கு ஊர் கட்டிய பட்டம், ஓடிப்போனவன். அலையைப் பார்த்ததும் ரேஸைக் குறைத்தான், படகு நின்றதும் நம்பி ஏறியவரை விட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்தான். போலீஸ் அப்படித்தான் எழுதியிருந்தது. பிரவீனா அழவில்லை. "எம் புருஷன் அப்படி ஓடற ஆளில்லீங்க. எம் புள்ள நாளைக்கு ஸ்கூல்ல என்னன்னு தலை நிமிரும்? அவரு ஏன் குதிச்சாருன்னு மட்டும் கண்டுபுடிச்சுக் குடுங்க," என்று ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அவளுக்கு ஒரு சந்தேகமும் இருந்தது. பரிசல் ஓட்டி மீன் பிடிக்கிற நாச்சிமுத்து, இந்த ஜெட் படகால் தன் வலை அறுகிறதென்று மாதேஷோடு இரண்டு தடவை வாய்ச்சண்டை போட்டிருந்தார். 'ஒரு நாளைக்கு உம் படகு என் வலையில சிக்கி நிக்கும் பாரு' என்று பத்துப் பேர் முன்னால் சொல்லியும் இருந்தார். பிரவீனா புகார் கொடுத்துவிட்டாள். இன்று காலைதான் நாச்சிமுத்துவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள்.

கரையில் ஈரத்தைப் பிழிந்துகொண்டே அகல்யா சபரிநாதனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"ஏனுங்க, படகு நிக்கறதுக்கு முன்னால இன்ஜின் சத்தம் குறைஞ்சுதா, கூடுச்சா?"

"இதை யாருமே கேக்கலீங்களே. கூடுச்சுங்க. நியூட்ரல்ல போட்டு ரேஸ் குடுத்தா வண்டி கத்துமுங்களே, அப்படிக் கத்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

"அது ஆச்சுங்க, பத்துப் பதினஞ்சு எண்ணலாம். கைப்பிடியத் தள்ளித் தள்ளிப் பாத்தாரு. அப்புறம் அவரே இன்ஜினை ஆஃப் பண்ணிட்டாரு."

"பின்னே ரேஸைக் குறைச்சார்னு சொல்லியிருக்கீங்க?"

"நானும் லாரிக்காரன்தானுங்க. வண்டி நின்னா டிரைவர் ரேஸைக் குறைச்சான்னுதானே தோணும்."

சின்னராஜ் தன் ஈர வேட்டியைப் பார்த்துக்கொண்டார். அவராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

"குதிக்கறதுக்கு முன்னால என்ன செஞ்சார்? ஒன்னு விடாமச் சொல்லுங்க."

"லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டுனாருங்க. கழட்டி எம் மடியில வீசிட்டு, 'புடிச்சுக்குங்க, ஒரு நிமிஷம்'னுட்டுக் குதிச்சாரு. அப்புறம் ஒரு அலை வந்துச்சுங்க. அதோட சரி. கிளம்பறப்ப ஒரு செல்ஃபி எடுத்தேன். வேணுமுங்களா?"

படம் வந்தது. சின்னராஜ் எட்டிப் பார்த்தார். ஆடிப்பெருக்குக் கூட்டம், வெயில், சபரிநாதனின் பெரிய முகம். அவருக்குப் பின்னால் புது லாரி மாதிரி சந்தனம், குங்குமம், மாலை என்று ஜோடித்த படகில் மாதேஷ் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு மணி நேரத்தில் சாகப்போகிறவன் சிரிக்கிற சிரிப்பா அது என்று சின்னராஜ் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அகல்யா படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனைப் பையில் போட்டாள்.

"அண்ணா, ஒரு கேள்வி. உயிருக்குப் பயந்து தண்ணியில குதிச்சு ஓடறவன், மிதக்க வைக்கிற ஜாக்கெட்டைக் கழட்டி வெச்சுட்டா குதிப்பான்?"

"மாட்டான். மானத்துக்குப் பயந்து ஓடறவன் வேட்டியைக் கழட்டிட்டு ஓடின மாதிரி இருக்கும்."

"அப்ப ஏன் கழட்டினார்?"

சின்னராஜ் விரலை மடக்கி யோசித்தார். ஜாக்கெட் போட்டால் மனிதன் மிதப்பான். மிதக்கிறவன் முங்க முடியாது.

"அடியில போனாருங்களா? படகுக்கு அடியில?"

"மாதேஷ் படகைப் போலீஸ்ல எப்ப விட்டாங்க, கௌதமன்?"

"நேத்து சாயங்காலமுங்க. அது வரைக்கும் ஸ்டேஷன்லதான் இருந்துச்சு. ஓட்டை இல்ல, டீசல் இருக்குதுன்னு பாத்துட்டு விட்டுட்டாங்க."

"பம்பைத் திறங்க."

மாதேஷின் படகு மரத்தடியில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. கௌதமன் பம்பின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தான். உள்ளே சுழலும் தண்டில், கண்டில் நூல் சுற்றியதுபோல் ஏதோ ஒன்று இறுகச் சுற்றியிருந்தது. சேறு படிந்து கறுத்திருந்தது. அதன் ஒரு நுனி, தண்ணீர் உறிஞ்சும் கம்பி ஜாலி வழியாகக் கீழே வெளியில் தொங்கியது. யாரோ கீழேயிருந்து கையில் சுற்றிப் பலம்கொண்ட மட்டும் இழுத்த மாதிரி அந்த நுனி முடிச்சுப் போட்டு இறுகியிருந்தது.

யாரோ என்ன, யாரென்று மூன்று பேருக்கும் தெரிந்தது. மாதேஷ் ஓடவில்லை. சபரிநாதனை ஜாக்கெட்டோடு மேலே உட்கார வைத்துவிட்டு, கலங்கிய தண்ணீரில், ஆடுகிற படகுக்கு அடியில், இதை இழுத்து எடுக்கப் போயிருக்கிறான்.

"வலை!" என்று கத்தினான் கௌதமன். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "நாச்சிமுத்து வலைதானுங்க! இருங்க, பிரவீனாவுக்குச் சொல்றேன்."

அகல்யா தடுப்பதற்குள் சொல்லிவிட்டான்.

ஸ்டேஷன் பெஞ்சில் நாச்சிமுத்து துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபது வயது, வெயிலில் காய்ந்த உடம்பு. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ரைட்டர் எழுதிக்கொண்டிருந்தார். அகல்யா விஷயத்தைச் சொல்லி, நறுக்கி எடுத்த நூலில் ஒரு துண்டை நாச்சிமுத்துவின் கையில் கொடுத்தாள்.

"ஐயா, இது உங்க வலையா?"

அவர் அதைத் தொடையில் வைத்துத் துடைத்தார். விரலால் உருட்டினார். அகல்யாவைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார், இது தெரியாதா என்கிற மாதிரி.

"வலைன்னா விரக்கடைக்கு ஒரு முடிச்சு இருக்குமுங்க சாமி. இதுல முடிச்சே இல்லையே. நைலானும் இல்ல. பொடி இழை பலதை ஒன்னாச் சேத்துக் கையில முறுக்கியிருக்குது." மறுபடி உருட்டினார். "அதுவும் எதிர் முறுக்கு. நாங்கெல்லாம் சோத்தாங்கையில முறுக்குனா இந்தப் பக்கம் போகும். இது அந்தப் பக்கம் போவுது. முறுக்குனது பீச்சாங்கைக்காரங்க."

"கை ஜோசியம் கேட்டிருக்கேன், கயிறு ஜோசியம் இப்பத்தான் கேக்கறேன்," என்றார் சின்னராஜ்.

"அண்ணா, லைட்டரைக் குடுங்க."

"நான் சிகரெட்டை விட்டு ஆறு மாசம் ஆச்சுங்க அம்மணி."

"லைட்டரை விடலியே."

சின்னராஜ் முணுமுணுத்துக்கொண்டே பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அகல்யா ஸ்டேஷன் வாசலுக்குப் போய் நூலின் நுனியில் தீயைக் காட்டினாள். நைலானாக இருந்தால் உருகிச் சொட்டியிருக்கும். பருத்தியாக இருந்தால் திரி மாதிரி எரிந்திருக்கும். இது சுருண்டு கருகியது. கருகின வாசம் சின்னராஜின் மூக்கில் ஏறியது. தலைமயிர் பொசுங்குகிற வாசம். கருகாத பாகத்தைக் கட்டைவிரலால் அவள் தேய்த்தாள். சேறு போன இடத்தில் மெல்லிய மஞ்சள் மினுக்கு ஒன்று தெரிந்தது.

"ஜரிகை," என்றாள் அகல்யா.

சேலத்துக்காரருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. பட்டு நூல்.

"எனக்கெதுக்குங்க சாமி பட்டு?" என்றார் நாச்சிமுத்து பெஞ்சிலிருந்தபடியே. "கெண்டை மீனுக்கு முகூர்த்தமா வெக்கறேன்?"

சின்னராஜுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. ஆனால் ரைட்டர் சிரிக்கவில்லை. "வலை இல்லைன்னு நீங்க சொல்லிட்டாப் போதுமுங்களா? புகார் குடுத்தவங்க வாபஸ் வாங்கோணும். வலை இல்லைன்னா அது என்னது, யாருதுன்னு ஒருத்தர் சொல்லோணும். அஞ்சு மணிக்குள்ள சொல்லச் சொல்லுங்க, எழுதிக்கறேன். இல்லாட்டி நான் என்ன செய்ய முடியும்?"

மணி பதினொன்றரை. அகல்யா வேனில் ஏறினாள்.

"எங்கீங்க அம்மணி?"

"ராசிபுரம்."

சின்னராஜ் வழியெல்லாம் பேசிப் பார்த்தார். ஆடிப்பெருக்கு அன்று ஆற்றில் விட்ட பட்டுத் துணி ஏதாவது இருக்குமா என்றார். பட்டுச்சேலையோடு யாராவது விழுந்திருப்பார்களா என்றார். மகுடஞ்சாவடி தாண்டியும் அகல்யா ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. கேஸ் முடிகிற நேரத்தில் அவள் இப்படி இருந்ததில்லை. கேஸ் முடிகிற நேரம் என்றால் அவளே டீ வாங்கிக் கொடுப்பாள். இன்றைக்கு வழியில் நான்கு டீக்கடை போனது.

பிரவீனாவின் பிறந்த வீட்டில் நடுக்கூடம் முழுக்கத் தறி. அவள் அதன் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் மாதேஷின் படம். இன்றைக்கு முப்பதாம் நாள். இவர்களைப் பார்த்ததும் அவள் முகம் வெளிச்சமானது. ஒரு மாதமாகத் தூங்காத முகத்தில் அந்த வெளிச்சம் பார்க்கச் சகிக்கவில்லை.

"வாங்க, வாங்க. கௌதமண்ணன் போன் பண்ணாருங்க. அவரு ஓடலைன்னு சொன்னாரு. அடியில போயி வலையை எடுக்கப் பாத்தாருன்னு... உக்காருங்க. எங்கூட்டுக்கு வந்துட்டு ஒன்னும் சாப்பிடாமப் போகக் கூடாது. காப்பி கொண்டாரேன். இந்த ஒரு முடி மட்டும் போட்டுட்டு எந்திரிக்கறேன்."

ரோஜா, சம்பங்கி, மரிக்கொழுந்து. விரல்கள் வேகமாக ஓடின. வலது கை பூவைப் பிடிக்க, இடது கை நூலைச் சுற்றி முடிந்தது.

இடது கை.

சின்னராஜ் அந்தக் கையையே பார்த்தார். பிறகு அந்தக் கை பிடித்திருந்த நூலைப் பார்த்தார். வெங்காயக் கலர். ஜன்னல் வெளிச்சத்தில் நடுநடுவே மஞ்சளாக மினுங்கியது.

"நூலைப் பாக்கறீங்களா?" என்றாள் பிரவீனா. அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "பூக்காரங்க வாழைநாருல கட்டுவாங்க, அது இழுத்தா அறுந்துரும். எங்கூட்டுல தறியில இருந்து சேலை அறுத்ததும் பாவுல மிஞ்சற நூல் இருக்குமுங்க. எட்டு இழையச் சேத்துத் தொடையில முறுக்கி வெச்சுக்குவேன். அவருக்குன்னா எப்பவும் பட்டுலதான் கட்டறது. சாமிக்கும் அவருக்கும் மட்டும்."

மாலையைப் பாயில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது.

புது லாரி மாதிரி ஜோடித்த படகு. மூக்கில் மாலை. செல்ஃபியில் அதைச் சின்னராஜ் தன் கண்ணாலேயே பார்த்திருந்தார். பார்த்துவிட்டு மாதேஷின் சிரிப்பை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். அலை அடித்து மாலை நழுவியிருக்கிறது. நழுவியது நேராகப் படகின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. பூ போகிற போக்கில் போயிருக்கும். பட்டு போகவில்லை.

"அம்மணி," என்றார் மெதுவாக. "எந்திரிங்க. போயிரலாம். ஏதோ நூலுன்னு சொல்லிக்கலாம். ஆத்துல கிடந்துச்சுன்னு சொல்லிக்கலாம். இந்தப் புள்ள தாங்காதுங்க."

"எனக்கும் அதுதான்ணா ஆசை. படத்துல மாலையைப் பாத்து, நூல்ல ஜரிகையையும் பாத்ததுல இருந்தே அதையேதான் யோசிச்சுட்டு வாரேன்." அகல்யா பையைத் தொட்டுக் காட்டினாள். "ஆனா ஏதோ நூல்னா, அது யார் நூல்னு ரைட்டர் கேப்பார். பதில் இல்லைன்னா அஞ்சு மணிக்கு நாச்சிமுத்து போவார். செய்யாத கொலைக்கு."

சின்னராஜ் பாயில் கிடந்த மாலையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

பிரவீனா காப்பியோடு வந்தாள். டம்ளர்களை வைத்துவிட்டு நேராகக் கேட்டாள். "அந்த வலைய எனக்குக் காட்டுவீங்களா? அவரு கடைசியாத் தொட்டது அதுதானுங்களே."

அகல்யா பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். கொடுக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தாள். பிரவீனா தானாக வாங்கிக்கொண்டாள். உறையைப் பிரித்து நூலை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து ஒரே ஒரு தடவை உருட்டினாள்.

நெசவுக்காரிக்கு நூலைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. உருட்டிய விரல் அப்படியே நின்றுவிட்டது.

வாசலில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"வலை இல்லீங்களா?" என்றாள் கடைசியில்.

"இல்லைம்மா."

"கழட்டிடறேன்னாருங்க." யாரிடமும் இல்லாமல் நூலிடம் பேசினாள். "அன்னிக்குக் காலையில நாந்தான் படகுக்குப் பொட்டு வெச்சு மாலை போட்டேன். 'பிரவீனா, இது லாரி இல்ல, படகுக்கு மாலை ஆகாது, அடியில உறிஞ்சிக்கும், சாமி கும்பிட்டதும் கழட்டிடறேன்'ன்னாரு. நாந்தான், பெருக்கு நாளும் அதுவுமா போட்ட மாலைய யாராச்சும் கழட்டுவாங்களா, பொழுது எறங்கற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னேன். எந் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணுனாருங்க. சிரிச்சுட்டே பண்ணுனாரு."

அகல்யா அவள் பக்கத்தில் பாயில் இறங்கி உட்கார்ந்தாள். "அவர் ஓடலை, பிரவீனா. நீங்க என்கிட்ட அதைத்தான் கேட்டீங்க. ஜாக்கெட்டோட அடியில போக முடியாது. அதான் கழட்டினார். அவரை நம்பி ஏறினவரைக் காப்பாத்தத்தான் இறங்கினார். கடைசி வரைக்கும் கையை எடுக்கலை."

"இழுத்துப் பாத்திருப்பாருங்களா?"

"பாத்திருக்கார். நுனி இறுகியிருந்தது."

"அறாதுங்க," என்றாள் பிரவீனா. "எட்டு இழை. நான் முறுக்குனது அறாது."

சின்னராஜ் எழுந்து போய் வாசலைப் பார்த்து நின்றுகொண்டார். சாலையில் என்ன வந்தது, என்ன போனது என்று அவருக்குத் தெரியவில்லை.

அழுவாள் என்று காத்திருந்தார். அழுகை வரவில்லை. அதற்குப் பதிலாக, "ஸ்டேஷன் நம்பர் இருக்குதுங்களா?" என்று அவள் கேட்கிற குரல் வந்தது. அகல்யா எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். ரைட்டரின் குரல் கூடம் வரை கேட்டது.

"நான் பிரவீனா பேசறேனுங்க. மாதேஷ் சம்சாரம். நாச்சிமுத்து ஐயன் மேல குடுத்த புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். அவரு ஒன்னும் செய்யலீங்க. அவரை ஊட்டுக்கு அனுப்பிருங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன்னும் சொல்லிருங்க. நேருல வந்து கையெழுத்துப் போட்டுக் குடுக்கறேன்."

"சரிம்மா. அப்ப பம்புல சிக்கினது என்னது? யாருதுன்னு எழுதிக்கட்டும்?"

பிரவீனா சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"பட்டு நூலுங்க. என்னுதுன்னு எழுதிக்குங்க."

போனை அகல்யாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாயில் கிடந்த மாலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இரண்டு கையாலும் பிடித்து நூலை இழுத்தாள். ரோஜா உதிர்ந்தது. நூல் அறவில்லை. மறுபடி இழுத்தாள். விரலில் சிவப்பாகக் கோடு விழுந்தது. மூன்றாவது தடவையும் இழுக்கப் போனாள்.

சின்னராஜ் வந்து தறி மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, அவளுடைய இடது கையில் கொடுத்தார்.